போனில் இருக்கும் லைசன்ஸ்: சிட்னியில் எடுப்பது முதல் யாழ்ப்பாணத்தில் இறங்குவது வரை

நல்லூர்த் திருவிழாவுக்கு என் சின்னம்மாவின் மகன் சிட்னியிலிருந்து வந்திருந்தான். வந்த மறுநாளே, மோட்டார் சைக்கிள் ஒன்றை வாடகைக்கு எடுத்துச் சங்குப்பிட்டிப் பாலம் வரை போய் வருவோம் என்று வெளிக்கிட்டோம். கடைக்காரர் லைசன்ஸ் கேட்டார். தம்பி போனை எடுத்து, செயலியைத் திறந்து நீட்டினான். படம், பெயர், பிறந்த திகதி, இலக்கம் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. கடைக்காரர் வாங்கி வடிவாகப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா காட் இருக்கோ?" என்றார்.

காட், அதாவது பிளாஸ்ரிக் அட்டை, சிட்னி வீட்டு லாச்சிக்குள் கிடந்தது. சின்னம்மா அதைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினா. அந்தப் படம் ஒன்றுக்கும் உதவவில்லை. நின்ற மூன்று கிழமையும் அவன் என் பின் சீற்றில்தான் ஊர் பார்த்தான்.

அந்தக் கடைக்காரரில் எனக்குக் கோபம் இல்லை. அவர் செய்தது சரி. நானும் சில வருடம் சிட்னியில் இருந்து இதே செயலியைப் பாவித்தவன். இது எங்கே செல்லும், எங்கே செல்லாது, ஏன் என்று யாராவது முன்பே எங்களுக்குத் தமிழில் சொல்லியிருந்தால் அந்த அலைச்சல் இருந்திருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன். படிக்கவோ வேலைக்கோ அவுஸ்திரேலியா போகிறவர்களுக்கும், அங்கிருந்து ஊருக்கு வருகிறவர்களுக்கும், அவர்களுக்கு வாகனத் திறப்பை எடுத்துக் கொடுக்கும் எங்களுக்கும் இது உதவும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம்

போனில் இருக்கும் லைசன்ஸ் ஒரு படம் அல்ல. இதை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். பிளாஸ்ரிக் அட்டை தன்னைத் தானே நிரூபிக்கும். அதன் எழுத்து, அச்சு, பளபளக்கும் பூச்சு எல்லாவற்றையும் கையில் வைத்தே சோதிக்கலாம். போனில் தெரிவதோ வெறும் ஒளி. ஒளியை யாரும் எப்படியும் வரையலாம். ஆகவே பார்ப்பவர், அதை வழங்கிய அரசிடம் "இது உண்மைதானா?" என்று கேட்டுப் பார்க்க வழி இருக்க வேண்டும். அந்த வழி உள்ள இடத்தில் போன் லைசன்ஸ் அட்டையைவிட நம்பகமானது. வழி இல்லாத இடத்தில் அது வடிவான படம் மட்டும்தான். எங்கள் கடைக்காரரிடம், சிட்னி இருக்கும் மாநிலமான நியூ சவுத் வேல்ஸின் அரசிடம் கேட்க ஒரு வழியும் இருக்கவில்லை.

நியூ சவுத் வேல்ஸில் 2019 ஒக்ரோபர் 28 முதல் மாநிலம் முழுவதும் இது நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் டப்போ நகரத்தில் பரீட்சார்த்தமாகத் தொடங்கினார்கள். குயின்ஸ்லாந்தில் 2023 நவம்பரிலும், விக்ரோரியாவில் முழு லைசன்ஸ் உள்ளவர்களுக்கு 2024 மேயிலும் வந்தது. எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருக்கும் நோர்வேயில் 2019 ஒக்ரோபரிலும், டென்மார்க்கில் 2020 நவம்பரிலும் வந்துவிட்டது. நான் கீழே சொல்லும் படிகள் நியூ சவுத் வேல்ஸை வைத்து. மற்ற இடங்களில் செயலியின் பெயரும் பொத்தான்களும் மாறும், அடிப்படை ஒன்றுதான்.

போனில் ஏற்றுவது

அட்டை முதலில் கையில் இருக்க வேண்டும். அந்த மாநிலத்தின் பிளாஸ்ரிக் லைசன்ஸ் இல்லாமல் போன் லைசன்ஸ் இல்லை. இலங்கை லைசன்ஸை ஏற்றப் பார்த்து ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். அங்கே எழுத்துப் பரீட்சையும் ஓட்டப் பரீட்சையும் முடித்து, அந்த மாநில அட்டை எடுத்த பிறகுதான் இந்த வேலை.

அடுத்தது செயலி. சேர்விஸ் என்எஸ்டபிள்யூ என்ற அரசுச் செயலியை அப்பிள் அல்லது கூகிள் கடையில் நீங்களே தேடி இறக்குங்கள். யாரோ அனுப்பிய குறுஞ்செய்தியில் உள்ள இணைப்பை அழுத்தி இறக்க வேண்டாம். "உங்கள் லைசன்ஸ் இடைநிறுத்தப்பட்டுள்ளது, இங்கே அழுத்தவும்" என்று வரும் செய்திகள் அனேகமாகக் களவுதான்.

பிறகு கணக்கு ஒன்றைத் திறந்து, லைசன்ஸை அதோடு இணைக்க வேண்டும். இங்கே இரண்டு இலக்கம் வருகிறது. ஒன்று லைசன்ஸ் இலக்கம். அது உங்களோடே இருக்கும், மாறாது. மற்றது அட்டை இலக்கம். அட்டை தொலைந்து புதிது எடுத்தால் அது மாறிவிடும். இரண்டையும் குழப்பி அடித்துவிட்டு "ஏற்குதில்லை" என்று தலையைப் பிய்ப்பவர்கள் அதிகம். அட்டையைப் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கு எழுத்து பார்த்து அடியுங்கள். பெயரும் அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். எங்களுக்குத் தகப்பன் பெயர் முன்னுக்கும் பின்னுக்கும் மாறி மாறிப் பதியப்பட்டிருக்கும். கடவுச்சீட்டில் ஒரு மாதிரி, அட்டையில் வேறு மாதிரி என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

அட்டை இலக்கத்தை இரகசியமாக வைத்திருங்கள். 2022 செப்ரெம்பரில் ஒப்ரஸ் தொலைபேசி நிறுவனத்தின் தரவு திருடப்பட்டபோது ஏராளமானவர்களின் லைசன்ஸ் இலக்கங்களும் போயின. 2023 மார்ச்சில் லற்றிற்றியூட் என்ற கடன் நிறுவனத்திலிருந்து அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலுமாக சுமார் 79 இலட்சம் லைசன்ஸ் இலக்கங்கள் போயின. லைசன்ஸ் இலக்கம் வெளியே போனாலும் அட்டை இலக்கம் தெரியாவிட்டால் திருடனுக்கு வேலை கடினம். சின்னம்மா வட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் இரண்டு இலக்கமும் தெளிவாக இருந்தன. பார்த்தவுடன் அழிக்கச் சொன்னேன்.

இறுதியாகப் பூட்டு. செயலிக்கு ஒரு பின் (PIN) இலக்கம் கேட்கும், அது போனைத் திறக்கும் இலக்கமாக இருக்கக் கூடாது. பிறந்த வருடத்தையும் போட வேண்டாம், ஏனென்றால் அது லைசன்ஸிலேயே எழுதியிருக்கிறது. வீட்டுக்குள் இருக்கும்போதே ஒருமுறை திறந்து, மூடி, இணையத்தை நிறுத்திவிட்டும் திறந்து பாருங்கள். தெருவில் நின்று முதன்முதல் திறந்து பழகக் கூடாது.

காட்டுவது: பொலிஸ் மறித்தால்

இந்த இடத்தில் நிதானமாக வாசியுங்கள், தண்டப்பணம் வருவது இங்கேதான். வாகனத்தை ஓரம் கட்டி நிறுத்துங்கள். கை ஸ்ரியரிங்கில் இருக்கட்டும். பொலிஸ் வந்து கேட்கும்வரை போனைத் தொட வேண்டாம். "எப்படியும் கேட்பார்கள், எடுத்து வைத்திருப்போம்" என்று முன்கூட்டியே போனைக் கையில் எடுத்தால், அதுவே வாகனத்தில் போன் பாவித்த குற்றமாகிவிடலாம். லைசன்ஸைக் காட்டத்தான் எடுத்தேன் என்ற விளக்கம் அங்கே எடுபடாது.

கேட்ட பிறகு எடுங்கள், திறங்கள், திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டுங்கள். போனைக் கையில் கொடுக்கத் தேவையில்லை. பெரியவர்கள் கேட்டால் இரண்டு கையாலும் கொடுத்துப் பழகியவர்கள் நாங்கள். அதிலும் சீருடையைக் கண்டால் கை தானாக நீளும். அங்கே அப்படிக் கொடுக்காவிட்டால் அது மரியாதைக் குறைவு அல்ல. திறந்த போன் என்றால் உங்கள் வங்கி, உங்கள் செய்திகள், உங்கள் பிள்ளைகளின் படங்கள் எல்லாமும்தான். திரையைக் கீழே இழுத்துப் புதுப்பிக்கச் சொன்னால் நீங்களே செய்து காட்டுங்கள்.

பற்றரி இறங்கினாலோ, கண்ணாடி வெடித்து எழுத்து தெரியாவிட்டாலோ, லைசன்ஸ் காட்டவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். காருக்குள் ஒரு சார்ஜ் வயர் எப்போதும் கிடக்கட்டும்.

காட்டுவது: கடை, கிளப், பொதி எடுக்கும் இடம்

அடையாளம் கேட்கும் மற்ற இடங்களில் நிலைமை வேறு. தனியார் நிறுவனங்கள் போன் லைசன்ஸை ஏற்றே ஆகவேண்டும் என்ற கட்டாயம் நியூ சவுத் வேல்ஸில் இல்லை. பெரும்பாலான இடங்களில் எடுப்பார்கள், சில இடங்களில் அட்டை கேட்பார்கள். வாதாடிப் பயனில்லை. வீடு வாடகைக்கு எடுப்பது, வங்கியில் கணக்குத் திறப்பது போன்ற பெரிய வேலைக்குப் போகும்போது அட்டையையும் கொண்டுபோங்கள்.

"ஒரு ஸ்கிரீன்ஷொட் அனுப்புங்கோ" என்று யாராவது கேட்டால் அனுப்ப வேண்டாம். ஸ்கிரீன்ஷொட்டுக்கு அடையாளமாக ஒரு பெறுமதியும் இல்லை, களவு எடுப்பவனுக்கு மட்டும் பெறுமதி உண்டு.

குயின்ஸ்லாந்துச் செயலியில் ஒரு நல்ல வசதி இருக்கிறது, அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல ஆசை. மதுக்கடை வாசலில் நிற்பவருக்குத் தெரிய வேண்டியது இந்தப் பிள்ளைக்கு 18 வயது ஆகிவிட்டதா என்பது மட்டும்தான். அட்டையைக் கொடுத்தால் வீட்டு விலாசம் வரை எல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். எங்கள் பெண்பிள்ளைகள் தனியாகப் போகும் இடங்களில் இது சின்ன விஷயம் அல்ல. குயின்ஸ்லாந்தில் வயதை மட்டும் காட்டு என்று தெரிவு செய்யலாம், விலாசம் போகாது. 2021 செப்ரெம்பரில் வெளியான ஐஎஸ்ஓ 18013-5 என்ற சர்வதேசத் தரத்தின்படி அது செய்யப்பட்டிருக்கிறது. அந்தத் தரத்தில், பார்ப்பவரின் கருவி உங்கள் போனில் உள்ள கியூஆர் குறியீட்டை வாசிக்கும். பிறகு இரண்டு கருவியும் புளூரூத் போன்ற ஒரு வழியில் நேரடியாகத் தொடர்புகொள்ளும். இன்னின்ன விபரம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா என்று போன் உங்களிடம் கேட்கும். நீங்கள் ஓம் என்றால் மட்டும் அது போகும். போகும் விபரத்தில் அரசின் மின்னணுக் கையொப்பம் இருக்கும். ஓர் எழுத்தை மாற்றினாலும் அந்தக் கையொப்பம் பொருந்தாது. அந்த நேரத்தில் இணையம்கூடத் தேவையில்லை.

நீங்கள் பார்ப்பவராக இருந்தால்

எங்கள் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே கடைகளில், பெற்றோல் நிலையங்களில் பகுதிநேர வேலை செய்கிறார்கள். அடையாளம் பார்ப்பது அவர்கள் வேலை. தவறாகப் பார்த்தால் பிரச்சினை அவர்களுக்கும்தான். ஆகவே இந்தப் பக்கமும் தெரிந்திருக்க வேண்டும்.

போனைச் சரித்தால் அரசுச் சின்னம் அசைய வேண்டும். கடைசியாகப் புதுப்பித்த திகதியும் நேரமும் தெரிய வேண்டும். திரையைக் கீழே இழுக்கச் சொல்லுங்கள், நேரம் மாற வேண்டும். இவ்வளவும் கண்ணால் பார்ப்பது. கண் மட்டும் போதாது. 2022 மேயில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர், நியூ சவுத் வேல்ஸ் போன் லைசன்ஸில் உள்ள விபரங்களைப் போனின் காப்புப் பிரதி வழியாக மாற்ற முடியும் என்று காட்டினார். நான்கு இலக்கப் பின் என்பதால் கணினியை வைத்து அதை உடைப்பது பெரிய வேலையாக இருக்கவில்லை. சந்தேகம் வந்தால் உங்கள் போனில் உள்ள அதே அரசுச் செயலியால் அவருடைய கியூஆர் குறியீட்டை வாசியுங்கள். நான் மேலே சொன்ன "அரசிடம் கேட்பது" இதுதான். ஸ்கிரீன்ஷொட்டில் உள்ள குறியீடு காலாவதியாகியிருக்கும்.

போன் தொலைந்தால்

பதறாமல் இரண்டு வேலை செய்யுங்கள். வேறொரு கருவியிலிருந்து, தொலைந்த போனைத் தூரத்திலிருந்தே பூட்டும் அப்பிள் அல்லது கூகிள் வசதியைப் பாவியுங்கள். பிறகு அரசுக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். புதுப் போன் வந்ததும் திரும்ப ஏற்றலாம். அதுவரை அட்டை கைகொடுக்கும். அட்டையையும் போன் உறையின் பின்பக்கத்திலேயே செருகி வைத்திருப்பவர்களே, தயவுசெய்து இன்றைக்கே எடுத்து வேறிடத்தில் வையுங்கள்.

ஊருக்கு வெளிக்கிடும்போது

இனி எங்கள் பக்கம். நோர்வேயின் போன் லைசன்ஸ் நோர்வேக்குள் மட்டும்தான் செல்லும் என்று அந்த நாட்டு வீதி நிர்வாகமே சொல்கிறது. டென்மார்க்கும் அப்படித்தான். சென்னையிலிருந்து வரும் உறவினர்கள் டிஜிலொக்கர் என்ற இந்திய அரசுச் செயலியில் வைத்திருப்பது இந்திய வீதிகளுக்குச் சட்டப்படி செல்லும், பலாலியில் இறங்கிய பிறகு செல்லாது. எந்த நாட்டுப் போன் லைசன்ஸையும் நம்பி இங்கே ஸ்ரியரிங்கைப் பிடிக்க வேண்டாம்.

செய்ய வேண்டியது இது. பெட்டி அடுக்கும் நாளில் அல்ல, ரிக்கற் போடும் நாளிலேயே லைசன்ஸ் அட்டையை எடுத்துக் கடவுச்சீட்டோடு வையுங்கள். பிறகு சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் எடுங்கள். இலங்கைக்கு வேண்டியது 1949ஆம் ஆண்டு ஜெனீவா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையின் கீழ் வரும் சாம்பல் நிறக் கடதாசிப் புத்தகம். அவுஸ்திரேலியாவில் மாநில வாகனச் சங்கங்கள் வழங்குகின்றன, ஒரு வருடம் செல்லும். இது தனியே நிற்காது, உங்கள் லைசன்ஸின் மொழிபெயர்ப்பு மாதிரி. லைசன்ஸ் அட்டையும் கூடவே இருந்தால்தான் அதற்கு மதிப்பு. போன் மட்டும் கொண்டு வருபவர்கள் இந்த இடத்திலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

அதோடும் முடியவில்லை. அந்தப் புத்தகத்தைக் கொழும்பில் உள்ள இலங்கை மோட்டார் வாகனச் சங்கத்திடம் காட்டி அங்கீகாரம் பெற வேண்டும். இல்லாவிட்டால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். அதற்கு முன்பெல்லாம் வேரஹெரவில் உள்ள திணைக்கள அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. 2025 ஓகஸ்ட் முதல் கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே வெளிநாட்டவர்களுக்கு ஒரு கருமபீடம் திறந்திருக்கிறார்கள். எந்த வழியென்றாலும், ஏ9 வீதியில் யாழ்ப்பாணம் நோக்கி வெளிக்கிடும் முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள். ஆனையிறவு தாண்டிய பிறகு "ஐயோ, கொழும்பில் செய்திருக்கலாமே" என்றால் போக வர ஒரு முழுநாள் வீண். பலாலிக்கு விமானத்திலோ காங்கேசன்துறைக்குக் கப்பலிலோ நேரே வருகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்துத்தான் பயணத்தைத் திட்டமிட வேண்டும்.

முன்பு இங்கே லைசன்ஸ் எடுத்துவிட்டுப் போனவர்கள், அதன் காலாவதித் திகதியைப் பாருங்கள். சாதாரண வாகனங்களுக்கான எங்கள் லைசன்ஸ் எட்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியது. காலம் முடிந்த அட்டை, அட்டையாக இருந்தாலும் செல்லாது. புதுப்பிக்கத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் மருத்துவச் சான்றிதழ் வேண்டும்.

வாகனம் கொடுக்கும் உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. "பிள்ளை சிட்னியில் பத்து வருடமாக ஓடுது" என்பது உண்மையாக இருக்கும். ஆனால் செல்லுபடியான லைசன்ஸ் இல்லாமல் ஓடி விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் கையை விரிக்கலாம். வாகனத்தைக் கொடுத்தவரும் பதில் சொல்ல வேண்டிவரும். கேட்பதற்குச் சங்கடமாகத்தான் இருக்கும். இருந்தாலும் கேளுங்கள்.

விருந்தினர் விடுதியில் பதிய, சிம் எடுக்க, காசு மாற்ற எல்லாம் வெளிநாட்டவரிடம் கேட்பது கடவுச்சீட்டைத்தான். அதற்கும் போன் லைசன்ஸை நீட்ட வேண்டாம்.

இங்கேயே இருப்பவர்களுக்கு

எங்கள் இளைஞர்கள் பலர் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் படம் எடுத்துப் போனில் வைத்துக்கொண்டு, அட்டையை வீட்டில் விட்டுவிட்டு ஓடுகிறார்கள். அது டிஜிற்றல் லைசன்ஸ் அல்ல, வெறும் படம். அதற்குப் பின்னால் யாரிடமும் கேட்டுப் பார்க்கும் வழி இல்லை.

நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. இங்கே ஸ்தலத் தண்டம் எழுதும்போது பொலிஸ் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு தற்காலிகப் பத்திரம் தருவார்கள். தபாலகத்தில் 14 நாளுக்குள் காசு கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டித்தான் அட்டையைத் திரும்ப எடுக்கலாம். 14 நாள் தாண்டினால் இரட்டிப்பு, 28 நாள் தாண்டினால் நீதிமன்றம். எங்கள் முறையில் அட்டைதான் பிணை. போன் படத்தை யாரும் பிணையாக எடுக்க முடியாது. 2025 பெப்ரவரியில் தொடங்கிய கோவ்பே என்ற அரசின் இணையவழிக் கட்டண வசதி வழியாகத் தண்டத்தை உடனேயே கட்டும் வசதி படிப்படியாக வருகிறது. அப்படிக் கட்டினால் அட்டையை அந்த இடத்திலேயே திரும்ப வாங்கலாம். அதற்கும் அட்டை கையில் இருக்க வேண்டும்.

வாக்களிக்கப் போகும்போதும் இதே கதைதான். தேசிய அடையாள அட்டை இல்லாதவர்கள் செல்லுபடியான சாரதி அனுமதிப்பத்திரத்தைக் காட்டி வாக்களிக்கலாம், ஆனால் அது மூல அட்டையாக இருக்க வேண்டும். தேர்தல் நாளன்று காலையில் வீட்டைவிட்டு வெளிக்கிட முன் பணப்பையைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.